எட்டுத் தூண் சமையல்கூடம்

வெகுகாலத்துக்கு முன்னால் மருதமேடு என்ற சிறு நாட்டை வில்லவராயன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் வெளியூரில் எதைப் பார்த்தாலும் அதேபோல் தனக்கும் வேண்டும் என்பான்.

ஒருமுறை ஒரு பேரரசர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவன், அங்கிருந்த சமையல்கூடத்தைப் பார்த்து மலைத்துப்போனான். ஊர் திரும்பியதும் அரண்மனை அதிகாரி நாகண்ணரைக் கூப்பிட்டான்.

"அதே நீளம், அதே அகலம். ஒரு சாண்கூடக் குறையக்கூடாது."

நாகண்ணர் மகிழ்ந்துபோனார். எல்லோரும் தலைமைச் சமையற்காரி சடைச்சியையே புகழ்வது அவருக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. அவளை ஒரு வார்த்தை கேட்காமல், பழைய அடுக்களையை இடித்து, எட்டுத் தூண் நிறுத்தி மண்டபம் எழுப்பினார். கிழக்குக் கோடியில் அடுப்பு. மேற்குக் கோடியில் தண்ணீர்த் தொட்டி. வடக்கு மூலையில் மளிகை அறை.

சடைச்சிக்கு உதவியாட்கள் மூன்றே பேர். தண்ணீர் எடுத்துவருவதற்குள் தாளிப்பு கருகியது. உப்பு எடுத்துவருவதற்குள் பால் பொங்கி வழிந்தது. பத்து நாளாக ராஜா பசியோடு காத்திருந்து, தீய்ந்த சோறு சாப்பிட்டான்.

"கூடத்தில் குறையில்லை, மகாராஜா. சடைச்சிக்குச் சோம்பல் வந்துவிட்டது" என்றார் நாகண்ணர். "இந்தக் கூடத்தில் நான்கூட ஒரு நாழிகையில் மிளகு ரசம் வைத்துவிடுவேன்."

ராஜா சடைச்சியை வரவழைத்தான். "கேட்டாயா? என்ன சொல்கிறாய்?"

"ஐயா வைத்துக் காட்டட்டும், மகாராஜா. ஒரு நாழிகையில் ரசம் வந்துவிட்டால் நான் வேலையை விட்டுப் போகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். ஐயா தோளில் ஒரு பை மாட்டிக்கொள்ள வேண்டும்."

பையில் பெரிய நூல்கண்டு ஒன்று இருந்தது. நூலின் நுனியை அடுப்பங்கரைத் தூணில் கட்டினாள். இதனால் என்ன வந்துவிடப்போகிறது என்று நாகண்ணர் பையை மாட்டிக்கொண்டு தண்ணீருக்கு நடந்தார். பிறகு புளிக்கு. புளியைக் கரைக்க மறுபடி தண்ணீருக்கு. மிளகுக்கு. சீரகத்தை மறந்துவிட்டு இன்னொரு நடை. உப்புக்கு, நெய்க்கு. கை கழுவத் தொட்டிக்கு. போகும் இடமெல்லாம் நூலும் பின்னாலேயே வந்து தூண்களைச் சுற்றியது. ஒரு நாழிகை முடிந்தபோது புளித்தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. நாகண்ணர் கால்களில் நூல் சிக்கி, நகர முடியாமல் நடுக்கூடத்தில் நின்றார்.

ராஜா தூண்களைச் சுற்றியிருந்த நூலை எடுத்து அளக்கச் சொன்னான். அது கோட்டை மதிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"ஒரு ரசத்துக்கு இவ்வளவு நடையா?" என்றான் ராஜா. "பேரரசர் வீட்டில் மட்டும் எப்படி நடக்கிறது?"

"அங்கே சமையலுக்கு அறுபது பேர், மகாராஜா. அவரவர் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். சாமான்தான் கை மாறிப் போகும். இங்கே நாங்கள் நாலு பேர். எல்லாச் சாமானையும் நாங்களே தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது."

"உனக்கு எப்படி வேண்டும்?"

சடைச்சி ஒரு பிடி மாவை எடுத்து, உணவறையை ஒட்டிய இடத்தில் 'ப' என்று பெரிதாக எழுதினாள். ஒரு பக்கம் அடுப்பு, எதிர்ப்பக்கம் தண்ணீர், நடுவில் மளிகை. எங்கே நின்றாலும் மற்ற இரண்டும் மூன்று எட்டுக்குள் இருந்தன.

"இதன்படியே கட்டுங்கள். முடியும்வரை சடைச்சி சொல்வதை நாகண்ணர் கேட்டு நடக்கட்டும்" என்று உத்தரவிட்ட ராஜா, தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவளிடம் தந்தான். நாகண்ணர் தலைகுனிந்து தன் காலில் மிஞ்சியிருந்த நூல் சிக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு பெரிய மண்டபத்தை என்ன செய்வது?" என்று கேட்டான் ராஜா.

"அரசவையை இங்கே கூட்டலாம், மகாராஜா" என்றாள் சடைச்சி. "அவையில் எவ்வளவு தாமதமானாலும் எதுவும் தீய்ந்துபோவதில்லை."

அடுத்த வாரமே அவை அங்கே கூடியது.