வெள்ளைக் கட்டம்

மேகம் ஒரு ஜன்னல் வழியாக உள்ளே வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, எதிர் ஜன்னல் வழியாகப் போகிற ஒரு மலை. அங்கே பூங்கோதை என்று ஒரு குரு இருந்தார்.

கணினியில் நோட்புக் என்று ஒரு பக்கம் உண்டு. மேலே கட்டளை எழுதினால் கீழே விடை வரும். அந்தப் பக்கத்துக்குள் எண்களைப் படமாக வரைகிற ஒரு கருவியைக் குரு செய்து, ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்திருந்தார். அதை நிறுவும் முறையை எழுதி வைத்தவர் சீடர் ஆவுடையப்பன். குருவைவிட வயதில் மூத்தவர்.

ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"அம்மா, படிக்கத் தெரியாதவங்களுக்கு எப்படி எழுதறது?"

"யாருக்குப் படிக்கத் தெரியலை?"

"ஜெசிந்தான்னு ஒரு டீச்சர். கடலோர ஊர். கடல் வருஷா வருஷம் பள்ளிக்கூடத்தை நெருங்குதாம், அளந்து வச்சிருக்காங்க. சாயங்காலம் கிராம சபையில படமாக் காட்டினாத்தான் பள்ளிக்கூடத்தை இடம் மாத்துவாங்களாம். நான் எழுதினபடி செஞ்சா வெறும் வெள்ளைக் கட்டம்தான் வருதாம். மூணே வரி அம்மா! அதைக்கூட ஒழுங்காப் படிக்கலைன்னா?"

குரு ஒரு புது மடிக்கணினியை அவர் முன் வைத்தார். நோட்புக்கைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

"இதுல நிறுவுங்க. நீங்க எழுதினதை மட்டும் பார்த்து."

"என் கணினியிலதான் ஏற்கெனவே இருக்கே?"

"அதனாலதான்."

ஆவுடையப்பன் தான் எழுதியதைத் திறந்தார். முதல் வரி: 'வழக்கம்போல் நிறுவிக்கொள்ளவும்.'

"என்ன வழக்கம்?" என்றார் குரு.

ஆவுடையப்பன் தனக்குத் தெரிந்த மாதிரி நிறுவினார். மற்ற இரண்டு வரிகளையும் செய்தார். கட்டம் வந்தது. வெள்ளையாக.

அப்போது மேகம் உள்ளே வந்தது. திரையின் வெள்ளை எங்கே முடிகிறது, அறையின் வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அந்தக் கட்டத்துக்குள் தானே நடந்து போவதுபோல இருந்தது அவருக்கு. எங்கோ அலைச் சத்தம். வழி கேட்க ஆளில்லை.

மேகம் கலைந்தது.

"நிறுவினா மட்டும் போதாது," என்றார் மெதுவாக. "நோட்புக்குக்குள்ள அதைத் தனியா இயக்கிவிடணும். அப்புறம் நோட்புக்கை மூடித் திறக்கணும். என் கணினியில என்னைக்கோ செஞ்சது அம்மா. செஞ்சதே மறந்துபோச்சு."

போன் போட்டு ஜெசிந்தாவிடம் சொன்னார். மறுமுனையில் விசைகள் தட்டும் ஓசை. பிறகு—

"சார்! கடல் வந்துட்டு சார்! இந்த ரெண்டு வரியை மட்டும் உங்க வீட்டுலயே வச்சிக்கிட்டியளோ?"

ஆவுடையப்பன் சிரித்துவிட்டார். போனை வைத்ததும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

"இப்ப நல்லாத் தெரியுது அம்மா. ஒண்ணு விடாம எழுதிடறேன்."

குரு மடிக்கணினியை மெல்ல மூடினார்.

"உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனி நீங்க எழுத வேண்டாம். கிராம சபை முடிஞ்சதும் அந்த டீச்சரை எழுதித் தரச் சொல்லுங்க. அவங்களுக்கும் பழகிப்போறதுக்குள்ள."