சோதனைக்கு வந்த சாட்சி

உப்பளத்து ஓரம் தனியாக வாழ்ந்த சூசையம்மாளின் குடிசையில் கஞ்சா எடுத்ததாக இன்ஸ்பெக்டர் வழக்குப் போட்டார். அவளுக்கு வக்கீல் இல்லை. துணைக்கு வரவும் ஆளில்லை.

“சோதனை நடந்தப்போ நான் கூடவே நின்னு பார்த்தேன்” என்று கோர்ட்டில் சொன்னார் சாட்சி மரியதாஸ்.

நீதிபதி அனுமதிக்க, அவளே கேட்டாள்: “அண்ணாச்சி, என் வீட்டுக் கதவை யார் திறந்தா?”

“நான்தான் தள்ளித் திறந்தேன்.”

“ஐயா, என் குடிசைக்குக் கதவே கிடையாது. சாக்குதான் தொங்குது.”

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். “கதவு இல்லாதது நிசந்தான். ஆனா சோதனையில சின்னக் குறை இருந்தா கேஸ் கெடாதுங்கய்யா!”

“குறையைப் பொறுக்கலாம். அங்கே போகாதவர் எதைப் பார்த்தார்?” என்ற நீதிபதி அவளை விடுதலை செய்தார்.

வெளியே அவளுக்காக யாரும் காத்திருக்கவில்லை. படியோரம் தலைகுனிந்து நின்ற மரியதாஸிடம் போனாள்.

“என் வீட்டுக்காரர் செத்தப்புறம் அங்க யாருமே வரலை, அண்ணாச்சி. நீங்களாவது ஒருநாள் நிசமாவே வாங்க.”