வியாழக்கிழமை விரதம்

அரசலாற்றங்கரையில் ஒரு சின்ன மடம். அதை நடத்திவந்த மங்களநாயகி அம்மாளுக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் நாகலிங்கத்துக்கு அறுபத்திரண்டு. முப்பது வருஷம் டிபன் கடை நடத்தியவர். கடையை மகன்களிடம் கொடுத்துவிட்டு மடத்துக்கு வந்தார். கைப்பக்குவம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

அவருக்குச் சர்க்கரை வியாதி. இடது கால் சுண்டுவிரலில் ஒரு புண், மூன்று மாதமாக ஆறவில்லை. சாப்பாட்டைக் குறைக்காவிட்டால் விரலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனுஷன் அரண்டுபோய் விரதம் பிடித்தார். திங்கள், வியாழன், சனி. போதாததற்கு ஏகாதசி, சஷ்டி, கிருத்திகை.

ஒரு மாதம் கழித்து, ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு அம்மாள் முன்னால் வந்து நின்றார்.

"சர்க்கரை ஏறியிருக்கும்மா."

"எப்படி?"

"அதான் புரியல. விரத நாள்ல ஒரு பருக்கை சோறு தொடறதில்லை."

அம்மாள் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"நாளைக்கு வியாழன்தானே? நானும் உங்களோட விரதம் இருக்கேன். நீங்க சாப்பிடறதுதான் எனக்கும்."

நாகலிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விடியுமுன்பே அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்.

அம்மாளின் வழக்கம் மதியம் ஒரு கரண்டி சோறு, கொஞ்சம் கீரை. சாயங்காலம் ஒரு டம்ளர் கஞ்சி. அவ்வளவுதான்.

அன்று காலையில் ஆறு இட்லி, கொத்சு. பதினோரு மணிக்குப் பாலும் வாழைப்பழமும். மதியம் நெய் விட்ட அடை மூன்று, அவியல், ஜவ்வரிசிப் பாயசம். விரதமாயிற்றே, எதிலும் வெங்காயம் கிடையாது. நாலு மணிக்குச் சுண்டலும் இரண்டு வடையும் வந்தன.

அம்மாள் ஒன்றையும் வேண்டாமென்று சொல்லவில்லை. முதல் வடையை முடித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தூணில் சாய்ந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"ராத்திரிக்கு ரவா உப்புமாம்மா," என்றார் நாகலிங்கம். "நீங்களும் இருக்கீங்களேன்னு கொஞ்சம் கேசரியும் கிண்டிடறேன்."

அம்மாள் இரண்டாவது வடையை இலையிலேயே வைத்தார்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இவ்வளவு கடுமையான விரதம் எனக்குத் தாங்காது."

நாகலிங்கம் சிரித்துவிட்டார். பிறகு அம்மாளின் இலையைப் பார்த்தார். தன் இலையையும் பார்த்தார். அது துடைத்தாற்போல் இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"விரதத்தை விட்டுட்டா விரல் போயிடுமேம்மா," என்றார். "வேற எதைப் பிடிச்சுக்குவேன்?"

"உங்களை விடச் சொல்லலையே. நான்தான் முறிக்கப்போறேன். நாளைக்கு மதியம் எப்பவும்போல ஒரு கரண்டி சோறும் கீரையும். தனியா முறிக்கச் சங்கடமா இருக்கு. துணைக்கு நீங்களும் வந்து உட்காருங்க."