கடைசி இடம் குருவுக்கு

"குருவே, இந்த வருஷமும் நீங்கதான் கடைசியா வரணும்."

பெலிசியன் இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீடன் குருவிடம் கேட்கிற வரமா இது!

குரு சிரிக்கவில்லை. ஒரு சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

குரு என்றால் தாடி, காவி எல்லாம் இல்லை. பெயர் இருதயமேரி. புதுச்சேரியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறார். எங்கள் ஒன்பது பேரில் வயதில் சின்னவர். ஆனால் சைக்கிள் ரேஸில் அவருக்குத் தெரியாதது கிடையாது. அதனால் அறுபத்தைந்து வயது பெலிசியனுக்கும் அவர்தான் குரு.

ஜூலை வந்தால் பிரான்சில் மூன்று வாரம் பெரிய ரேஸ் நடக்கும். நாங்கள் ஆளுக்கு ஐந்து வீரர்களை எழுதிக் கொடுப்போம். அவர்கள் முந்தினால் எங்களுக்குப் புள்ளி. பந்தயப் பணம் கிணம் எதுவும் இல்லை.

ஒரே சட்டம்தான். கடைசியாக வருகிறவர் வீட்டில் எல்லோருக்கும் விருந்து. ஓட்டல் சாப்பாடு செல்லாது.

முதல் வருஷம் கடைசியாக வந்தவர் பெலிசியன். அப்போது அவர் மனைவி அஞ்சேல் இருந்தார்.

அடடா, அந்த விருந்து! வஞ்சிரம் வறுவல், பூண்டு ரசம். கிறிஸ்துமஸுக்குச் செய்கிற விவிக்கம் கேக்கை எங்களுக்காக ஜூலையிலேயே செய்திருந்தார். "இவர் வருஷா வருஷம் தோத்தா நல்லா இருக்கும் போலிருக்கே!" என்று அஞ்சேல் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. முற்றத்தில் பிரம்பு நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை பேசினோம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

அஞ்சேல் போய் ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து எங்களில் யாரும் அந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. வாசல் கேட்டிலேயே நின்று பேசி அனுப்பிவிடுவார் பெலிசியன்.

குரு கடைசியாக வருவதும் ஆறு வருஷமாகத்தான். எல்லாம் தெரிந்தும் ராசி இல்லையே என்று கேலி பேசிக்கொண்டே, அவர் வீட்டு நண்டுக் குழம்பை ஒரு பிடி பிடிப்போம்.

"விருந்து வைக்க அவ்வளவு பயமா, மிசே?" என்றார் குரு. எங்கள் ஊரில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"வைக்கறதுக்கு என்ன பயம்? நீங்கள்லாம் சாப்பிட்டுப் போயிடுவீங்க. பாத்திரமெல்லாம் நிறையக் கிடக்கும், அவ இருக்க மாட்டா. என்னால தாங்க முடியாது குருவே."

குரு கையைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பிரம்பு நாற்காலியெல்லாம் இருக்கா?"

"இருக்கு. அறுந்து தொங்கிக்கிட்டு இருந்துச்சு. போன வாரம்தான் ஆள் வெச்சுப் பின்னினேன்."

"எத்தனை?"

"அஞ்சேலோடதையும் சேர்த்துப் பத்து. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அன்றைக்கு ரேஸில் ஓய்வு நாள். ஐந்து பேரில் ஒருவரை மாற்றிக்கொள்ளலாம். பெலிசியன் போன பிறகு குரு ஒரு சீட்டு எழுதி என்னிடம் கொடுத்தார். புள்ளி எழுதுகிறவன் நான்தான். சீட்டில் யாரோ ஒரு கொலம்பியாக்காரன். இதுவரை நான் கேள்விப்படாத பெயர்.

மறுநாள் மலை ஏற்றம். கடை டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஒருவன் முன்னால் மிதித்துக் காற்றை மறைத்துக்கொண்டு போனான். அவன் முதுகுக்குப் பின்னாலேயே அவன் கூட்டாளி. உச்சி தெரிந்ததும் முன்னால் போனவன் சட்டென்று ஒதுங்கிவிட்டான்.

பெலிசியனுக்குக் கோபம் வந்தது. "என்ன ஆளுய்யா இவன்! இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்துட்டு இப்பப் போய் விட்டுட்டானே!"

"அவன் வேலை அதுவரைக்கும்தான், மிசே."

பின்னால் வந்தவன் தனியாக ஏறினான். தள்ளாடினான். ஆனாலும் ஜெயித்துவிட்டான்.

குருவின் கொலம்பியாக்காரன்.

புள்ளிகளை எழுதிப் பார்த்தேன். குரு ஏழாம் இடத்துக்குப் போயிருந்தார். கடைசியில் பெலிசியன். ரேஸ் முடிகிற வரை அது மாறவே இல்லை.

முடிந்த மறுநாள் காலையில் பெலிசியன் கடைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டீங்களே குருவே! ஆறு வருஷமா ஜெயிக்கத் தெரியல, இப்ப மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியலன்னு யார் சொன்னது?"

பெலிசியன் விரல்விட்டு எண்ணினார். ஆறாவது விரலில் நின்றுவிட்டார்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆறு வருஷமும் புள்ளி எழுதினவன் நான். மடையன்.

"அப்ப இந்த வருஷம் மட்டும் ஏன்?" என்று கேட்டார் பெலிசியன்.

"நாற்காலி பின்னிட்டீங்களே, மிசே."

பெலிசியன் அங்கே நின்ற சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்து வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

பிறகு சொன்னார்: "எனக்கு ரசம் மட்டும்தான் வைக்கத் தெரியும்."

"எத்தனை மணிக்கு வரட்டும்?" என்றார் குரு.