மரம் சிரித்தாள்

குமரகுருபரன் ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவர். விலங்கியல் படித்து, கெண்டை மீன்கள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று ஆராய்ந்து பட்டம் வாங்கினார். பிறகு உளவியலுக்குப் போனார். அங்கிருந்து கல்வியியலுக்கு. நாற்பத்தெட்டு வயதில் கல்லூரி வேலையை உதறிவிட்டு, கணினி அறிவியலின் கோட்பாட்டுப் பிரிவில் மறுபடியும் மாணவராகச் சேர வந்து நின்றார்.

அங்கே பேராசிரியராக இருந்த ஸ்ரீலேகா கேரளத்துக் கண்ணூர்க்காரர். குமரகுருபரனைவிட ஒன்பது வயது இளையவர்.

“எதற்காக இத்தனை துறைகள்?” என்று கேட்டார் ஸ்ரீலேகா.

“எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான் மேடம் கேட்டேன். உயிரியலில் ‘பெரும்பாலும்’ என்று பதில் வந்தது. உளவியலில் ‘சில சமயம்’. கல்வியியலில் ‘ஆசிரியரைப் பொறுத்தது’. ‘எப்போதும்’ என்று சொல்லக்கூடியது உங்கள் துறை ஒன்றுதான்.”

“என்ன கேள்வி?”

“யாரும் தவறு என்று சொல்லாமல், ஒருவர் தன் தவறுகளைத் தானே விட்டுவிட முடியுமா?”

ஸ்ரீலேகா விண்ணப்பத்தை வாங்கிக் கையெழுத்திட்டார். அவரைச் சேர்த்துக்கொண்டார்.

ஐந்தாம் வகுப்பில் குமரகுருபரனுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். ஒரு பிழைக்கு ஒரு பிரம்படி. எங்கே பிழை என்று அடிக்கும்போது சொல்லமாட்டார். இன்றும் குமரகுருபரன் தான் எழுதியதைத் திருப்பிப் படிக்கும்போது இடது உள்ளங்கையை மூடிக்கொள்வார். அது அவருக்கே தெரியாது.

நாலு வருட உழைப்பில் ஒரு தேற்றம் பிறந்தது. கற்பவர் ஒருவர். அவர் பேசுவதைச் சரி என்றோ தவறு என்றோ யாரும் சொல்லுவதில்லை. சுற்றிலும் மற்றவர்கள் பேசுவது மட்டும் அவர் காதில் விழுகிறது. அப்படி விட்டால், நாள் ஆக ஆக அவருடைய பிழைகள் குறைந்துகொண்டே போய்ப் பூஜ்யத்தைத் தொடும். எப்போதும் தொடும்.

தேற்றத்தோடு அவர் நிற்கவில்லை. லால்குடிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதனையும் ஆரம்பித்தார். செவ்வாய்தோறும் ஒரு படம் காட்டுவார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, பாடப்புத்தகத் தமிழில் அந்தப் படத்தைப் பற்றிப் பேச வேண்டும். அவர் பென்சிலால் பிழைகளைக் கோடு போட்டு எண்ணுவார். சரி, தவறு என்று வாயால் சொல்லக்கூடாது. முகத்திலும் காட்டக்கூடாது. அதுதான் விதி.

முதல் செவ்வாயன்று பவதாரணி என்ற பெண் வந்தாள். படத்தில் ஒரு யானை, ஒரு மரம், பக்கத்தில் ஓடை.

“ஒரு யானை இருந்தான். அவன் அம்மாவோட கோச்சுக்கிட்டு வந்துவிட்டான். மரத்துக்கிட்ட, எனக்கு நிழல் குடு, குடுக்காட்டி உன் இலையெல்லாம் தின்பேன் என்று பயம் காட்டினான். மரம் சிரித்தாள். சிரிச்சதில் இலையெல்லாம் தானே கொட்டிவிட்டது. யானைக்கு வெட்கமாகப் போயிட்டு.”

மூச்சு வாங்க நின்றாள்.

“சார், சரியா?”

குமரகுருபரன் பேசவில்லை. தாளைப் பார்த்தபடி கோடுகளை எண்ணினார். அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரமும் கேட்டாள். அதற்கடுத்த வாரமும் கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

கோடுகள் குறைந்தன. அவளுக்கு மட்டும் இல்லை, வகுப்பு முழுக்கவே. தேற்றம் சொன்ன வளைவு எப்படி இறங்கியதோ, அப்படியே இறங்கின. குமரகுருபரனுக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கட்டுரையை எழுதி முடித்து ஸ்ரீலேகாவின் மேசையில் வைத்தார்.

ஒரு வாரம் போனது. பதில் இல்லை. இன்னொரு வாரமும் போனது.

குமரகுருபரன் அவர் அறைக்குள் போய் உட்காராமலே கேட்டார். “மேடம், வெள்ளிக்கிழமை மாநாட்டுக்கு அனுப்பக் கடைசி நாள். நிரூபணத்தில் பிழை இருக்கிறதா?”

“இல்லை. ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன்.”

“சோதனையில்?”

“அதிலும் எனக்குப் பிழை தெரியவில்லை.”

“அப்புறம் ஏன் தாமதம்?”

“சம்மதிக்க மனம் வரவில்லை.”

“காரணம் சொல்லுங்கள்.”

“தெரியவில்லை.”

குமரகுருபரனுக்குச் சுருக்கென்றது. “பதில் சொல்லாமல் என்னைத் தவிக்க விட்டு எனக்கு ஏதோ பாடம் நடத்துகிறீர்களா? நான் சின்னப் பையன் இல்லை.”

“பாடம் தெரிந்திருந்தால் நேராகவே சொல்லியிருப்பேன்” என்றார் ஸ்ரீலேகா. “நாளைக்குச் செவ்வாய்தானே? நானும் பள்ளிக்கு வருகிறேன்.”

குமரகுருபரன் வியந்தார். வளாகத்துக்கு வெளியே ஸ்ரீலேகா எங்கும் போய் யாரும் பார்த்ததில்லை. வகுப்பும் அறையும் கரும்பலகையும்தான் அவர் உலகம்.

மறுநாள் ஸ்ரீலேகாவின் காரிலேயே இருவரும் போனார்கள். பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் வாரம் காட்டிய அதே யானைப் படத்தை அன்று மறுபடியும் காட்ட வேண்டிய முறை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

பவதாரணி எழுந்து வந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள்.

“யானை நிற்கிறது. மரம் இருக்கிறது. தண்ணீர் ஓடுகிறது.”

போய் உட்கார்ந்துகொண்டாள்.

குமரகுருபரன் ஸ்ரீலேகாவின் பக்கம் குனிந்து ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார். இருவரும் பேசிக்கொள்வது எப்போதும் ஆங்கிலத்தில்தான். “ஒரு பிழைகூட இல்லை. முதல் வாரம் பத்துக்கு மேல் இருந்தது.”

“அன்றைக்கு என்ன சொன்னாள்?”

அவர் நினைவிலிருந்து சொன்னார். கோபித்துக்கொண்டு வந்த யானை, பயமுறுத்தல், மரம் சிரித்தது, யானைக்கு வந்த வெட்கம். சொல்லச் சொல்ல அவர் குரல் தணிந்துகொண்டே வந்தது. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

ஸ்ரீலேகா எழுந்தார். படத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார். அவர் நெற்றியில் வியர்த்திருந்தது.

“நான் சொல்லட்டே?” என்று கேட்டார், தமிழில்.

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இங்க ஒரு ஆன உண்டு. ஆனைக்கு பயங்கர தாகம். அது வந்து… வெள்ளம் குடிச்சு.”

யாரோ ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். ஸ்ரீலேகாவின் காது மடல் சிவந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

“வெள்ளம் குடிச்சு, வயிறு நிறஞ்சு…”

வகுப்பே சிரித்தது. பவதாரணியால் அடக்க முடியவில்லை. “மிஸ், வெள்ளம்னா ஊரையே அடிச்சுக்கிட்டுப் போகுமே! அதப் போய் யான எப்படிக் குடிக்கும்?”

“அப்போ, ஆன குடிக்கிறது என்ன?”

“தண்ணி!”

“தண்ணி” என்று ஸ்ரீலேகா திருப்பிச் சொன்னார். “தண்ணி குடிச்சு, மரத்தோட சுவட்டில உறங்குது.”

“சுவட்டிலன்னா?”

ஸ்ரீலேகா படத்தில் மரத்தின் கீழே விரலை வைத்துக் காட்டினார்.

“மரத்தடியில மிஸ்!” பவதாரணி முழங்காலால் நகர்ந்து பக்கத்தில் வந்துவிட்டாள். “ஆனா அது தூங்கல. தூங்குற மாதிரி நடிக்கிறான்.”

“எதுக்கு?”

“ஓடைக்குள்ள ஒரு மீன் இருக்கிறாள். அவ இவன் தும்பிக்கைய பெரிய மண்புழுன்னு நெனச்சிட்டா. தூங்கட்டும், மெதுவாப் போய்க் கடிக்கலாம்னு காத்திருக்கிறாள். இவனுக்கும் அது தெரிஞ்சிட்டு…”

“அப்படியில்லடி, மீனுக்குப் பல்லே கிடையாது” என்றான் ஒருவன்.

“இருக்கு! எங்க மாமா காட்டியிருக்காங்க!”

குமரகுருபரனின் பென்சில் பழக்கத்தில் ஓடியது. ஒரு கோடு. இரண்டு. ஐந்து. ஏழு. பிறகு நின்றது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். வாரக்கணக்கில் உள்ளே அடைத்துக் கிடந்தது கொட்டுவதுபோலப் பேசினாள்.

திரும்பும் வழியில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கொள்ளிடப் பாலம் ஏறும்போதுதான் வாய் திறந்தார்.

“விதியை மீறிவிட்டீர்கள். இனி அந்த வகுப்பில் என் சோதனை செல்லாது.”

“ஆமாம்.”

“நாலு வருடம், மேடம். நாலு வருடம்!”

“ஆமாம்.”

“கொஞ்சமாவது வருத்தப்படுங்கள்.”

“உங்கள் தேற்றத்தில் வாயே திறக்காத ஒரு மாணவரைப் போடுங்கள்” என்றார் ஸ்ரீலேகா. “என்ன வருகிறது?”

குமரகுருபரன் எரிச்சலோடு விரலால் தொடையில் எழுதிப் பார்த்தார். விரல் பாதியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து எழுதினார்.

“பிழை பூஜ்யம்” என்றார்.

“கற்றது?”

அவர் தொடையிலிருந்து விரலை எடுத்தார். “கற்றது என்றால் என்ன என்று நான் எங்கேயும் எழுதவே இல்லை. பிழை இல்லாததைத்தான் கற்றது என்று வைத்துக்கொண்டேன்.”

“நானும் இரண்டு வாரமாக அந்த இடத்தைத்தான் தாண்டித் தாண்டிப் படித்திருக்கிறேன்” என்றார் ஸ்ரீலேகா. “அந்தக் குழந்தை கையைக் கட்டிக்கொண்டு நின்றபோதுதான் கண்ணில் பட்டது.”

வெள்ளிக்கிழமை வந்தது. கட்டுரை போகவில்லை. குமரகுருபரன் தன்னோடு விலங்கியல் படித்த பழைய நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, அங்கே ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டார். நண்பர் பதில் சொல்வதற்குள் வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

அடுத்த செவ்வாயன்று அவர் பென்சில் இல்லாமல் பள்ளிக்குப் போனார். பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். சரி என்றால் சரி. தவறு என்றால் தவறு, ஏன் தவறு என்பதும். பல பிள்ளைகள் அப்போதும் மூன்று சொல்லோடு உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் பழையபடி பேச வெகுகாலம் ஆகும் என்று தெரிந்தது. ஒருவேளை சிலர் பேசாமலே போகலாம். அந்த நினைப்பு அவரை உட்காரவிடவில்லை. பள்ளியிலிருந்து நேரே ஸ்ரீலேகாவின் அறைக்கு வந்தார்.

“ஐந்தாம் வகுப்பில் என்னை ஓர் ஆசிரியர் அடித்தார், மேடம். அதனால்தான் யாரும் தவறு என்றே சொல்லக்கூடாது என்று நினைத்தேன். நான் அடிக்கவில்லை. திட்டவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை. அப்புறம் ஏன் அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்?”

ஸ்ரீலேகா கையில் இருந்த சாக்கட்டியைக் கீழே வைத்தார். தமிழிலேயே பேசினார், ஒவ்வொரு சொல்லாகத் தேடி.

“ஞான் இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம். வந்த புதுசில ஒரு கடையில போய், ஒரு சக்கை வேணும்னு கேட்டேன்.”

“பலாப்பழமா?”

“அதே. எங்க ஊரில அதுக்கு சக்கைன்னு பேரு. கடைக்காரர் ஒண்ணும் சொல்லல. சும்மா என்னையே பார்த்துட்டு நின்னார். நான் சொன்னது தப்பா, சரியா, அவருக்குக் காது கேட்கலையா, எனக்கு மனசிலாகல. திரும்பி வந்துட்டேன்.”

“அவர் சிரிக்கவில்லையா?”

“சிரிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம், போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் நான் தமிழில ஒரு பிழைகூடச் செய்யல.”