கைத்தடிக்கு அடைக்கலம்

அன்று சபையில் இருந்தவர்கள்: மருதங்கோட்டை மகாராஜா வேங்கைமார்பர், மந்திரி சொக்கப்பர், அரசரின் அவையில் வாய்ச்சாதுர்யத்துக்குப் பேர்போன உமைபாகன், வைத்தியர் ஒருவர், தையற்காரர் ஒருவர், சாமரம் வீசுகிறவர்கள் இருவர், புலவர்கள் நால்வர், காவலர்கள் ஆறு பேர். ஆகப் பதினேழு பேர். பதினேழு பேரும் தரையில் கிடந்தார்கள்.

காரணம், மகாராஜா விழுந்துவிட்டார். அரசர் தலைக்கு மேலே எவர் தலையும் இருக்கக்கூடாது என்பது அந்த அரண்மனை வழக்கம். அவர் விழுந்தால் எல்லோரும் விழ வேண்டும். ஒரு புலவர் அவசரத்தில் வைத்தியர் மேலேயே விழுந்திருந்தார்.

"எழுந்திருக்கலாமா மகாராஜா?" என்று கேட்டார் அந்தப் புலவர்.

"நானே இன்னும் எழுந்திருக்கவில்லை. உமக்கு என்ன அவசரம்?"

"எனக்கு இல்லை மகாராஜா. வைத்தியருக்கு."

மழைக்காலத்தில் அரசருக்குக் காதில் ஒரு நோய் வந்து போயிற்று. அதன் பிறகு நடையில் தள்ளாட்டம். அரசர் எழுந்ததும் வைத்தியர் புலவரைத் தள்ளிவிட்டு எழுந்து சொன்னார்: "மகாராஜா, மனிதரை நேராக நிறுத்துவதில் காதுக்கும் பங்கு உண்டு. அது தேறும் வரை ஒரு கைத்தடி ஊன்றுங்கள்."

"கைத்தடியா? இந்த வேங்கைமார்பன் எதையும் தாங்குவான். எதன் மேலும் சாய மாட்டான்!" என்று சொல்லிக்கொண்டே அரசர் தூணில் சாய்ந்தார்.

சிக்கல் என்னவென்றால், வெள்ளிக்கிழமை இளவரசி வடிவாம்பிகைக்குக் கல்யாணம். அரண்மனை வாசலிலிருந்து பந்தல் வரை தகப்பனார் பெண்ணைக் கைப்பிடித்து நடத்திப் போக வேண்டும்.

"நான் வரப் போவதில்லை அம்மா," என்றார் அரசர், செய்தி கேட்டு ஓடிவந்த மகளிடம். "நான் விழுந்தால் மாப்பிள்ளையும் விழ வேண்டும். புரோகிதர் நேரே ஹோமத்தில் விழுவார்."

"நீங்கள் வராவிட்டால் நான் மணையில் உட்கார மாட்டேன் அப்பா," என்று சொல்லிவிட்டு இளவரசி போய்விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனாள்.

மந்திரி சொக்கப்பர் தொண்டையைக் கனைத்தார். "கவலை வேண்டாம் மகாராஜா. உங்களுக்குப் பதிலாக நானே இளவரசியை அழைத்துப் போகிறேன். பட்டு அங்கவஸ்திரம்கூட வாங்கிவிட்டேன்."

அரசருக்குச் சுருக்கென்றது. "யாராவது வழி சொல்லுங்கள்! நான் விழவும் கூடாது. தடி ஊன்றவும் கூடாது!"

தடி எளிமையாக இருப்பதால்தான் அரசருக்குப் பிடிக்கவில்லை என்று சபையில் பலரும் நினைத்தார்கள். மறுநாள் விலை உயர்ந்த தடிகளாகக் கொண்டுவந்து குவித்தார்கள். ஒன்று தங்கத்தடி. அதைத் தூக்கவே இரண்டு காவலர் வேண்டியிருந்தது. ஒன்று அரசரின் மோவாய்வரை வந்தது. அதைப் பிடித்தால் ஆடு மேய்க்கப் போகிறவர்போல் இருந்தார். தந்தத்தில் செய்த இன்னொன்றோ குட்டை. அதை ஊன்றியபோது கீழே விழுந்த மோதிரத்தைத் தேடுகிறவர்போல் இருந்தார். எல்லாவற்றையும் வேண்டாமென்று திருப்பி அனுப்பினார்.

உமைபாகன் அந்தப் பக்கமே வரவில்லை. அவர் தையற்காரரின் காதில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாண அங்கிக்கு எடுத்த அளவில், அரசர் கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டிலிருந்து தரை எவ்வளவு என்று கேட்டார். தெரிந்துகொண்டு தச்சர் வீட்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை காலையில் உமைபாகன் ஒருவரை அணைத்தபடி சபைக்குள் வந்தார். வந்தவருக்கு இடுப்பில் ஒரு முழ வேட்டி, தலையில் சின்னத் தலைப்பாகை, காலில் தோலால் செய்த அகலமான செருப்பு. ஒற்றைச் செருப்பு. காலும் ஒன்றுதான்.

"யார் இவர்?" என்றார் அரசர்.

"காட்டிலிருந்து வருகிறார் மகாராஜா. உறவினர் எல்லோரையும் கோடரிக்குப் பறிகொடுத்தவர். பேச வராது. தனியாக நிற்கவும் வராது."

சொல்லிக்கொண்டே உமைபாகன் அவரை அரசர் முன்னால் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார். அவர் ஆடினார், சாய்ந்தார். "ஐயோ!" என்று அரசர் சட்டென்று எட்டிப் பிடித்தார்.

"பிடித்துவிட்டீர்கள்!" என்று கத்தினார் உமைபாகன். "விழப் போகிறவரை அரசர் கைப்பிடித்தால் அது அடைக்கலம். அடைக்கலம் புகுந்தவரை உங்கள் வம்சத்தில் யாரும் கைவிட்டதில்லை. இனி நீங்கள் போகுமிடமெல்லாம் இவரையும் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்."

"மகாராஜா, இது வெறும் கைத்தடி!" என்று துள்ளினார் சொக்கப்பர்.

"மந்திரியாரே, கைத்தடி என்றால் அது மனிதரைத் தாங்கும். இங்கே யார் யாரைத் தாங்குகிறார்? அரசர் கையை எடுத்தால் முதலில் விழுவது யார்?"

அரசர் கைப்பிடியைப் பார்த்தார். மணிக்கட்டுக்குச் சரியாக இருந்தது. ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி வைத்தார். சபையைச் சுற்றி வந்தார். எல்லோரும் விழுவதற்குத் தயாராக முழங்காலை மடக்கியே நின்றார்கள். யாரும் விழவில்லை.

"பாவம்," என்றார் அரசர். "நான் மட்டும் இல்லாவிட்டால் இவர் என்ன ஆவார்!"

வெள்ளிக்கிழமை ஒரு கையில் மகளும் மறு கையில் அடைக்கலமுமாக மகாராஜா பந்தலுக்கு நடந்தார். இளவரசி சிரித்துக்கொண்டே மணையில் உட்கார்ந்தாள். தாலி ஏறியது. புரோகிதர் பத்திரமாக இருந்தார்.

மாப்பிள்ளையின் தகப்பனார் காலையிலிருந்து ஒரு பந்தற்காலை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றவர். "அது என்ன சம்பந்தி, தடியா?" என்று கேட்டார்.

"தடியா? நன்றாகச் சொன்னீர்கள்! கதியில்லாமல் வந்தவர். கால் சரியில்லை. நான்தான் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்."

சம்பந்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இவருக்குத் தம்பிமார் யாராவது உண்டா?"

மகாராஜா பந்தல் அதிரச் சிரித்தார். சிரித்தும் விழவில்லை. அங்கேயே உமைபாகனுக்குச் சரிகைச் சால்வை போர்த்தினார். தச்சருக்கு ஆள் போயிற்று. அவர் ஒவ்வொருவர் மணிக்கட்டாக அளந்து, மறுவீட்டு விருந்துக்குள் இருபத்துநான்கு பேரைச் செய்து அனுப்பினார். இரு வீட்டுப் பெரியவர்களும் இரக்கம் தாங்காமல் ஆளுக்கு ஒருவராக அழைத்துப் போனார்கள். அதற்குள் ஊருக்குத் திரும்பிவிட்டவர்களுக்குச் செய்த மூன்று பேர் மட்டும் மிஞ்சினார்கள். பந்தல் பிரித்த பிறகு, பட்டு அங்கவஸ்திரத்துக்குள் மறைத்து, அவர்களில் ஒருவரைச் சொக்கப்பர் பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போனார்.

மீதி இரண்டு பேர் இன்னும் சுவரில் சாய்ந்தபடி அடைக்கலத்துக்குக் காத்திருக்கிறார்கள்.