நான்கு பொய் சொன்ன சுக்கு

இந்த வழக்கில் தீர்ப்பை நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு யோசித்து யோசித்து அலுத்துவிட்டது.

திண்டுக்கல்லில் புனிதா என்றொருத்தி. அவள் மகள் ஜெனிக்கு நாலு வயதிலேயே சர்க்கரை நோய், இப்போது ஒன்பது. சர்க்கரை இறங்கினால் சொல்லாமல் கொள்ளாமல் மயங்கிவிடுவாள். அதை முன்கூட்டியே மோப்பம் பிடித்துச் சொல்லப் பழக்கிய நாய்தான் சுக்கு. வாடை வந்ததும் புனிதாவின் மடியில் முன்னங்காலை வைக்கும். உடனே பிள்ளையின் விரலில் குத்தி, சர்க்கரை அளக்கும் மெஷினில் பார்க்க வேண்டும். எழுபதுக்குக் கீழே குறைந்திருந்தால் சுக்குவுக்கு ஒரு துண்டு கோழிக்கறி. இல்லையென்றால் ஒன்றும் கிடையாது. பொய்க்குக் கறி போட்டால் தினமும் பொய் சொல்லும் என்பார் நாயைப் பழக்கிய தர்மசீலன்.

நாயை ஒரு மாதம் வீட்டில் விட்டுச் சோதித்துப் பார்ப்பது வழக்கம்; அதன் கடைசி நாள் அவரே வந்து உட்கார்ந்தார். ஒரே நாளில் நான்கு பொய் சொன்னால் நாயைத் திரும்பக் கொண்டுபோய்விடுவதாகப் பேச்சு.

அன்று மதியத்துக்குள் சுக்கு மூன்று தடவை கால் வைத்தது. மூன்று தடவையும் மெஷின் நூறுக்கு மேல்தான் காட்டியது. குத்து வாங்கிய பிள்ளை அழும். புனிதா அடுப்படிக்கு ஓடி, வாழைப்பழம் உரித்துக் கொடுத்துச் சமாதானப்படுத்துவாள். மூன்றாவது தடவை அவள் கணவன் எட்வின் மனசு கேட்காமல் நாய்க்கு ஒளித்துக் கறி கொடுத்து, கையும் களவுமாகப் பிடிபட்டான். கோபித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

நாலு மணிக்கு மறுபடியும் சுக்கு வந்து கால் வைத்தது. மெஷினில் நூற்றிரண்டு.

"சங்கிலியை எடுத்துட்டு வாங்கம்மா" என்றார் தர்மசீலன்.

ஐந்து வருஷமாக ஒழுங்காகத் தூங்காதவள் புனிதா. அழக்கூடத் தெம்பில்லை. "கொஞ்சம் இருங்க சார், கால் எந்திரிக்க மாட்டேங்குது" என்று சுவரில் சாய்ந்துவிட்டாள். ஜெனி அழுது ஓய்ந்து அவள் மடியில் படுத்தாள். கால் மணி நேரம் போயிருக்கும். மகளின் உள்ளங்கை சில்லென்று வியர்த்தது. பதறிப்போய்க் குத்திப் பார்த்தால் ஐம்பத்தெட்டு. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துத் தேற்றினார்கள்.

தர்மசீலன் விதியை நம்பினார். எட்வின் நாயை நம்பினான். புனிதா எழுந்திருக்கவே இல்லை. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: எட்வின் கொடுத்தது இரக்கத்தில், விவரம் தெரிந்து அல்ல. தர்மசீலனின் விதி சரிதான், ஆனால் அவசரப்பட்டார். மெஷின் சொன்னது அந்த நிமிஷத்தை, நாய் சொன்னது இனி இறங்கப்போவதை. முதல் மூன்று தடவையும் சர்க்கரையை இறங்கவிடாமல் தடுத்தது வாழைப்பழம்; நாலாவது தடவை பழம் எடுக்க அவள் எழவில்லை, நாய் சொன்னது பலித்தது. பெற்றவளின் பாசமே நாயைப் பொய்யனாக்கியது. ஆகவே சரி செய்தவள், எழுந்திருக்காத புனிதாதான். இனிமேல் கால் மணி நேரம் பக்கத்திலேயே இருந்து மறுபடி குத்திப் பார்ப்பது என்று விதியை மாற்றிய தர்மசீலன், அவளுடைய பொறுமையை வாயாரப் புகழ்ந்தார்.

"பொறுமையெல்லாம் இல்ல சார்" என்றாள் புனிதா. "முடியல. அவ்வளவுதான்."